பூட்டிக் ஹோட்டல் இல்லாத ஊரில் இரண்டு இரவுகள்

'ஆத்தூர் போறேன்' என்று சொன்னால் தமிழ்நாட்டில் அடுத்து வருகிற கேள்வி, 'எந்த ஆத்தூர்?' என்பதுதான். வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. காமராஜர் அணை இருக்கும் ஆத்தூர், திண்டுக்கல் பக்கம். நான் போனது சேலம் மாவட்டத்து ஆத்தூர். ஆற்றங்கரையில் இருப்பதால் ஆற்றூர், அது பேச்சில் தேய்ந்து ஆத்தூர். ஆறு ஓடும் ஊர்களெல்லாம் ஒரே பெயரை வைத்துக்கொண்டதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்த ஆத்தூரைப் பலருக்கும் இருட்டில்தான் தெரியும். சென்னையிலிருந்து சேலம் போகிற ராத்திரி பஸ்ஸில் திடீரென்று லைட் எரியும். 'ஆத்தூர்லாம் எறங்கு' என்று கண்டக்டர் குரல் கேட்கும். அரைக் கண்ணைத் திறந்து, ஒரு டீக்கடையையும் நாலு ஆட்டோவையும் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போவோம். காரில் போகிறவர்களுக்கு அந்த டீக்கடைகூடக் கிடையாது. சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை ஊருக்கு வெளியிலேயே வளைந்து போய்விடுவதால், அவர்களுக்கு ஆத்தூர் என்பது ஒரு பச்சை போர்டு. அவ்வளவுதான்.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 'அழகான சிற்றூர்கள், அசத்தலான பூட்டிக் ஹோட்டல்கள்' என்கிற தலைப்பு வருடத்துக்கு மூன்று நாலு முறை வந்துவிடும். லீவு சீசன் வந்தால் கட்டாயம் வரும். ஒவ்வொரு முறையும் அதே ஊர்கள்தான். புதுச்சேரியின் மஞ்சள் சுவர், காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸ், தரங்கம்பாடிக் கடற்கரை, ஏற்காட்டு காபித் தோட்டம். போட்டோகூடப் பாதி நேரம் அதே போட்டோதான். 'இந்த லிஸ்ட்டில் எப்போதுமே வராத ஊர் ஒன்றுக்குப் போய் இரண்டு நாள் தங்கிப் பார்க்கிறேன்' என்று மீட்டிங்கில் கேட்டேன். 'ஆத்தூரா? அங்க என்னம்மா இருக்கு?' என்றார் எங்கள் சீனியர். அவருக்குச் சொந்த ஊர் வாழப்பாடி. ஆத்தூரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்!

அது என்ன பூட்டிக்?

பூட்டிக் என்றால் நமக்குத் தெரிந்தது பிளவுஸ் தைக்கிற கடை. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சின்னக் கடை என்றுதான் அர்த்தம். ஹோட்டலுக்கு அந்தப் பெயர் வந்தது 1980-களில். 1984-ல் நியூயார்க்கில் 'மார்கன்ஸ்' என்ற ஹோட்டலை இயான் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் திறந்தார்கள். 'மற்ற ஹோட்டல்கள் டிபார்ட்மென்ட் ஸ்டோர் மாதிரி, எங்களுடையது பூட்டிக் மாதிரி' என்று ரூபெல் விளக்கம் கொடுத்ததாகச் சொல்வார்கள். லண்டனில் 1978-லேயே 'பிளேக்ஸ்' என்ற ஹோட்டல் இதே பாணியில் வந்துவிட்டது. அறைகள் குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வோர் அறையும் வேறு மாதிரி இருக்க வேண்டும், ஊரின் மணம் வர வேண்டும், முதலாளிக்கோ மேனேஜருக்கோ உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். சுருக்கமான இலக்கணம் இவ்வளவுதான்.

நம் பக்கம் இது பழைய வீடுகள் வழியாக வந்தது. காரைக்குடியில் 'பங்களா' 1999-ல் விருந்தினர்களுக்குத் திறந்தது. கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் தன் மகளுக்காகக் கட்டிய வீடு 'விசாலம்' என்ற ஹோட்டல் ஆனது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பங்களா ஒன்று விடுதியானது. ஆத்தூரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று செல்போனில் தேடினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்கள் வந்தன. 'ரெசிடென்சி' என்று முடிகிற பெயர்கள் வந்தன. கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த அறைகள் வந்தன. மற்றபடி, 'இதையும் பார்க்கலாமே' என்று ஏற்காட்டைக் காட்டியது.

'கூட யாரும் வரலீங்களா?'

சேலத்திலிருந்து ஆத்தூர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மதியம் மூன்று மணி. முதல் லாட்ஜில் ரிசப்ஷன் அண்ணன் என் ஆதார் கார்டை வாங்கினார், ஆபீஸ் ஐடி கார்டையும் வாங்கினார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூட யாரும் வரலீங்களா?"

"இல்லீங்கண்ணா. நான் மட்டும்தான்."

"அப்ப ரூம் இல்லீங்க."

அவருக்குப் பின்னால் பலகையில் வரிசையாகச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் சாவிகளைப் பார்த்தேன். அவரும் திரும்பிச் சாவிகளைப் பார்த்தார். "எல்லாம் புக்கிங்குங்க" என்றார்.

இரண்டாவது இடத்தில் சாவிப் பலகைக்கு எல்லாம் வேலையே இல்லை. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். நானும் ஒரு ஃபேமிலியிலிருந்துதான் வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், அறை தரவில்லை. மதுரை, திருச்சியில்கூட இது நடக்கிறது என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆத்தூரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு சீல் வைத்த வழக்கில், 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம், திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதையே தடுக்கும் சட்டம் கிடையாது என்று சொல்லியிருக்கிறது. இருவருக்கே அப்படியென்றால், ஒருத்திக்கு என்ன? ஆனால் ரிசப்ஷனில் நின்றுகொண்டு தீர்ப்பு வாசிக்க முடியாது. தோளில் பை கனக்கும், மணி நாலு ஆகியிருக்கும். அடுத்த லாட்ஜைத் தேடித்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது லாட்ஜ், கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. பூ கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்காமலே கேட்டார்.

"தனியாவா கண்ணு வந்திருக்க?"

"ஆமாங்கம்மா. ரெண்டு நாள்."

"மேல் மாடி வேண்டாம். எங்க ரூமுக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு, அதைத் தர்றேன். ராத்திரி எதுனா வேணும்னா கதவைத் தட்டு."

வாடகை 900 ரூபாய். சுவரில் நீல டிஸ்டம்பர், ஜன்னலில் பச்சைக் கம்பி, கட்டிலில் துவைத்து வெயிலில் காய்ந்த மணத்தோடு ஒரு போர்வை. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. பெண்கள் அறைக்குள் போனதும் முதலில் பார்ப்பது அதைத்தான். மறுநாள் காலை ஐந்தரைக்கு, கேட்காமலே ஒரு வாளி வெந்நீர் வாசலில் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் திரும்பாவிட்டால் போன் செய்ய வேண்டும் என்று என் நம்பரை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார் அந்த அம்மா. ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் பெரிய சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலை இது.

ஓர் ஊர் 'அழகான ஊர்' பட்டியலில் இடம்பிடிப்பது அதன் மலையாலும் ஆற்றாலும் மட்டும் இல்லை. தனியாக ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவளுக்குச் சாவி கிடைக்குமா என்பதாலும்தான். ஆத்தூரில் மூன்றில் ஒரு இடத்தில் கிடைத்தது.

கோட்டைக்குள் கிரிக்கெட்

வசிஷ்ட நதிக்கரையில் இருக்கிறது ஆத்தூர்க் கோட்டை. தாரமங்கலம் கோயிலால் நமக்கு அறிமுகமான கெட்டி முதலிகள் ஆண்ட பகுதி இது. அவர்கள் காலத்தில் லட்சுமண நாயக்கர் கட்டியது என்பார்கள். அவருக்குப் புதையல் கிடைத்தது, அதை வைத்துத்தான் இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டினார் என்று ஓர் ஊர்க்கதையும் உண்டு. எந்த ஊர்க் கோட்டைக்குத்தான் புதையல் கதை இல்லை? பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான், கம்பெனிப் படை என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் பகுதி கம்பெனி கைக்குப் போனபோது ஆத்தூரும் கூடவே போனது.

மதிலின் அடியில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கிறது. சுண்ணாம்புக் காரை இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று பதிந்திருக்கிற பெரிய கற்கள், இடுக்கில் ஆலஞ்செடி. தொல்லியல் துறையின் நீலப் பலகை, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று எச்சரிக்கிறது. அதன் காலடியில் ஒரு வெள்ளாடு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன. கோட்டை என்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போய், செல்ஃபி எடுத்து வெளியே வருவது என்று பழகிய எனக்கு, வாசலில் கோலம் போட்டிருக்கும் கோட்டை புதுசு. பழைய தானியக் களஞ்சியத்தின் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதிலைத் தாண்டிப் போனால் அவுட் என்பது விதி. முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய பவுண்டரி லைன்!

உடைந்த மதுபாட்டில்களும் இருந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று பூ கட்டும் அம்மா சொன்னதற்கு அதுதான் காரணம். ஒரு காவலாளி, நாலு விளக்கு, இரண்டு குப்பைத்தொட்டி போதும். பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

கோட்டைப் பகுதியில்தான் காயநிர்மலேஸ்வரர் கோயில். வசிஷ்ட முனிவர் பூஜித்த லிங்கம் என்பது தலபுராணம். வசிஷ்ட நதியை ஒட்டி ஐந்து பூதங்களுக்கு ஐந்து சிவன் கோயில்கள் இருக்கின்றன என்பதைக் குருக்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பேளூர் நிலம், ஏத்தாப்பூர் நீர், ஆத்தூர் நெருப்பு, ஆறகளூர் காற்று, கூகையூர் ஆகாயம். காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம் என்று இரண்டு மாநிலங்களுக்கு அலைய முடியாதவர்களுக்கு, ஒரே ஆற்றை ஒட்டி ஒரே நாளில் முடிகிற பஞ்சபூதத் தலங்கள். நெருப்புத் தலத்தின் வாசலில், பன்னிரண்டு மணி வெயிலில், செருப்பில்லாமல் நின்று இதைக் கேட்டுக்கொண்டேன். தலத்தின் தத்துவம் நேராகக் காலில் ஏறியது.

ஆறு எங்கே?

ஆற்றின் பெயரால் வந்த ஊரில் ஆற்றைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. பாலத்தில் நின்று குனிந்தால், கருவேலமும் கோரையும் நடுவில் ஒரு கறுப்புக் கோடும். ஊரின் சாக்கடை இறங்குகிறது. ஆலைக் கழிவுகள் பற்றிய புகார்கள் பல வருடங்களாகப் பேப்பரில் வந்துகொண்டிருக்கின்றன. இத்தனைக்கும் இது சின்ன ஆறு இல்லை. மலையில் பிறந்து, கிழக்கே ஓடி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறு என்று பெயர் மாற்றிக்கொண்டு, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வங்கக் கடலில் கலக்கிற ஆறு. பரங்கிப்பேட்டையில் நண்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆத்தூர்ச் சாக்கடைக்கும் சம்பந்தம் உண்டு என்று இதற்கு அர்த்தம்.

பாலத்தின் பக்கத்தில் கரும்புச்சாறு போடுகிற தாத்தா, தன் சின்ன வயதில் இதே இடத்தில் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனதாகச் சொன்னார். "இப்ப ஆடுகூட எறங்க யோசிக்குது பாப்பா." நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், நல்ல மழை பெய்து தண்ணீர் வரும் நாட்களில் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்குமாம். ஆறு விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆத்தூருக்கு உள்ளே இல்லை. தலைவாசல் தாண்டிப் போனால் வரும் ஆறகளூர். வாணகோவரையர்கள் ஆண்ட மகதை மண்டலத்தின் தலைநகர் இது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் தலைநகர் என்று நம்ப முடியாது. ஒரு பெட்டிக்கடை, வேப்பமரம், மரத்தடியில் மூன்று பெரியவர்கள். ஆறு அகழிகள் சூழ்ந்திருந்ததால் ஆறகளூர் என்கிறார்கள் அந்தப் பெரியவர்கள். காமநாதீஸ்வரர் கோயிலில் எட்டு பைரவர்களும் இருக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமியன்று ஊர் தாங்காது என்றார் அர்ச்சகர். நான் போனது சாதாரணச் செவ்வாய்க்கிழமை. நானும் எட்டு பைரவரும் மட்டும்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தியாகனூர். வயல்களுக்கு நடுவே புத்தர். ஒன்றல்ல, இரண்டு சிலைகள் இந்த ஊரில் உண்டு. பெரிய உருவம், பத்மாசனம், மடியில் கைகள். எதிரே மரவள்ளித் தோட்டம், பம்புசெட் சத்தம். சேலம் பகுதியில் பௌத்தம் வேரூன்றியிருந்ததற்கு இந்த மாதிரிச் சிலைகள்தான் சாட்சி. சேலம் நகரத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபட்டு வந்த சிலை புத்தர்தான் என்று 2022-ல் உயர் நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தியாகனூரில் அந்தக் குழப்பமே இல்லை. புத்தர் புத்தராகவே உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாட்டி வந்து விளக்கேற்றி, திருநீறு இட்டுக்கொண்டு போனார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் அந்தத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். நான் இருந்தவரை வேறு எந்தப் பயணியும் வரவில்லை. தாய்லாந்திலோ இலங்கையிலோ இப்படி ஒரு சிலை இருந்தால், எதிரில் குறைந்தது ஒரு காபி ஷாப்பாவது வந்திருக்கும். வராதது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

வெள்ளை முற்றம்

ஆத்தூர் சுற்றுவட்டாரத்தில் எங்கே போனாலும் ஒரு புளித்த வாசனை தொடரும். சேகோ ஆலைகள். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். பத்து மாதப் பயிர். பிடுங்கி வந்த கிழங்கைத் தோல் நீக்கி, கழுவி, அரைத்து, பாலாக்கி, வடிகட்டித் தொட்டிகளில் தெளிய வைப்பார்கள். அடியில் தங்குகிற மாவைக் குலுக்கிக் குலுக்கி உருட்டினால் முத்து. சூடான தட்டில் வறுத்து, சிமென்ட் களத்தில் காய வைத்தால் ஜவ்வரிசி. பிழிந்த சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். வாசனையில் பாதி திப்பியுடையதுதான்.

ஓர் ஆலையின் களத்துக்குள் போக அனுமதி கிடைத்தது. கண் கூசுகிற வெள்ளை. குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனத்தைப் பார்க்க ஃபிளைட் ஏறிப் போகிறார்கள் நம் ஆட்கள். அதே வெள்ளையில் ஒரு துண்டு இங்கேயே கிடக்கிறது. ஆனால் நடுவில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மரப்பலகையால் முத்துகளைத் தள்ளிக்கொண்டே நடக்கிற பெண்களுக்கு அது காட்சி இல்லை, வெயில். "போட்டோ எடுக்கணும்னா நிழலுக்கு வர்றேன், இங்க வேணாம் சாமி" என்றார் ஓர் அக்கா. நிழலில் எடுத்தேன். எடுத்த போட்டோவில் வெள்ளையே இல்லை. அவர் முகம் நன்றாக வந்திருந்தது.

ஜவ்வரிசியின் கதை, பூட்டிக் ஹோட்டல் கதையைவிடச் சுவாரஸ்யமானது. ஆதியில் அது மலாய்ப் பக்கத்து ஒருவகைப் பனையிலிருந்து வந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றபோது, 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, மரவள்ளி மாவில் அதைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பரிசோதனைதான் இன்று இந்த மாவட்டத்தின் பிழைப்பு. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வட இந்தியாவில் விரத நாளில் சாப்பிடுகிற சாபுதானா கிச்சடியின் முத்துகள் இங்கிருந்துதான் ரயிலும் லாரியும் ஏறிப் போகின்றன. விநோதம் என்னவென்றால், ஆத்தூர் ஹோட்டல்களில் ஜவ்வரிசிப் பண்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. "அது வீட்டுல செய்யறது கண்ணு, கடையில யாரு திம்பா?" என்றார் லாட்ஜ் அம்மா. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு தட்டில் ஜவ்வரிசி வடை வந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே இழுபடும் மென்மை, நடுவில் வேர்க்கடலை. வாடகையில் சேர்க்கவில்லை.

கடைவீதியில் தட்டுவடை செட் கிடைக்கிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு விதச் சட்னி. சேலத்துப் பண்டம்தான். ஆனால் காரம் ஆத்தூரில் ஒரு படி அதிகம் என்பது என் நாக்கின் தீர்ப்பு.

வந்து பார்த்துப் போகிறவர்கள்

ஆத்தூருக்கு வெளியாட்கள் வருவதே இல்லையா? வருகிறார்கள். புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் 146 அடி உயரத்தில் நிற்கிறார். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் நடந்தது. மலேசியாவின் பத்துமலை முருகனைவிட ஆறு அடி அதிகம். இரண்டு முருகன்களையும் செய்தவர் ஒரே சிற்பி, திருவாரூர் தியாகராஜன். ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். கும்பிட்டு, போட்டோ எடுத்து, வேன் ஏறிவிடுகிறார்கள். ராத்திரித் தங்கல் ஏற்காட்டில். ஆத்தூருக்கு மிஞ்சுவது தண்ணீர் பாட்டில் வியாபாரம்.

இன்னொரு பக்கம், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் முட்டல். ஏரியில் படகு, பூங்கா, குடில்கள் என்று வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா இடம். அதற்கு மேலே ஆணைவாரி அருவி. 2021 அக்டோபரில் திடீர் வெள்ளத்தில் ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையில் சிக்கிக்கொள்ள, இளைஞர்கள் ஏறி மீட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் காப்பாற்றிவிட்டு இரண்டு பேர் தண்ணீரில் விழுந்து, நீந்திக் கரையேறிய காட்சி அது. அந்த அருவிதான் இது. நான் போனபோது நூலாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வீடியோவின் அருவி இதுதான் என்று நம்பவே முடியவில்லை. மலை மேலே எங்கோ மழை பெய்தால் கீழே வெயிலிலும் வெள்ளம் வரும். வனத்துறை 'ஏறு' என்றால் உடனே ஏறிவிடுங்கள். அந்த ஒரு ரீல்ஸுக்காக நிற்க வேண்டாம்.

இந்தப் பயணத்தில் நான் போட்டோ எடுக்காமல் வெறுமனே நின்று பார்த்தது வீடுகளைத்தான். ஆத்தூரின் பழைய தெருக்களில் ஓட்டு வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தெருவைப் பார்த்த திண்ணை, வழவழத்த மரத்தூண், உள்ளே முற்றம். செட்டிநாட்டு மாளிகைகள் மாதிரி பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கிடையாது. நெல்லும் கிழங்கும் விற்று நடுத்தரமாக வாழ்ந்தவர்கள் கட்டிய வீடுகள். பல வீடுகளில் பூட்டு. பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். ஒரு வீட்டின் பாதி ஏற்கெனவே ஷட்டர் போட்ட கடையாகியிருந்தது. மீதிப் பாதியில் ஒரு தூண் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

இத்தாலியில் 1976-ல் ஃப்ரியூலி பகுதியில் நிலநடுக்கம் வந்து, மலைக் கிராமங்கள் காலியானபோது, வெறுமனே கிடந்த வீடுகளை என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார்கள். அப்போது பிறந்ததுதான் 'ஆல்பெர்கோ டிஃபூசோ', அதாவது சிதறிக் கிடக்கும் ஹோட்டல். ஒரே கட்டடம் கிடையாது. ஒரு தெருவில் ஓர் அறை, அடுத்த தெருவில் இன்னொன்று. சாப்பாடு ஊர்க்காரர் கடையில். ரிசப்ஷன் மட்டும் ஓரிடத்தில். அதற்குப் புதுக் கட்டடம் கட்டக் கூடாது என்பதே விதி. ஆத்தூருக்கு இது சரியாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. பூட்டிய வீடுகளில் ஐந்து, சமையலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா, காலையில் கோட்டை, மதியம் ஆறகளூர், மறுநாள் தம்மம்பட்டி. நீச்சல் குளம் வேண்டாம். தாழ்ப்பாள் விழ வேண்டும், அவ்வளவுதான்.

லாட்ஜ் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே கணக்குப் போட்டார். "ஓடு மாத்த ஒரு லட்சம், பாத்ரூம் கட்ட ரெண்டு. வருஷத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?" சுற்றுலாத் துறை ஆலோசகர்கள் கேட்கிற அதே கேள்வி. அவரே பதிலையும் சொன்னார். "உன்ன மாதிரி பத்துப் புள்ளைங்க மாசம் வந்தா நானே செய்வேன்."

பயமும் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் இப்போது வீட்டு வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. காரைக்குடியில் இடிந்த வீடுகளின் கதவும் தூணும் அலங்காரப் பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. ஊர் அழகு என்று ஊருக்கு வெளியே தெரிந்ததும், அந்த அழகுக்குள் வாழ்ந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டியிருக்கிறது. அதற்காக, ஷட்டர் கடைகள் வந்து தூண்களைச் சாய்க்கட்டும் என்று சும்மா இருப்பதா? அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் பேச வேண்டிய விஷயம் இது. பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வரும்போது பேசலாம்.

தம்மம்பட்டியை ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை, ஆனால் எனக்குக் கிடைத்தது அரை நாள்தான். ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். தெருவில் நடக்கும்போதே உளிச் சத்தம் கேட்கிறது. தூங்குவாகை மரத்தில் பிள்ளையார், தசாவதாரம், வாசக்கால், கோயில் வாகனம். ஒரு பட்டறையில் ஆளுயர யாளி, பாதி முகத்தோடு காத்திருந்தது. மீதி முகம் எப்போது என்று கேட்டேன். "ஆர்டர் குடுத்தவரு மீதிப் பணம் குடுத்ததும்" என்றார் ஸ்தபதி, உளியை நிறுத்தாமல்.

போக நினைப்பவர்களுக்கு: சேலத்திலிருந்து பஸ் வந்துகொண்டே இருக்கும். சென்னை எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் ராத்திரி ரயில் ஆத்தூரில் நிற்கும். சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். களத்தில் ஜவ்வரிசி காய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் கிழங்கு அறுவடைக் காலமான தை, மாசி நல்லது. கோட்டைக்குக் காலையில் போங்கள். ஆறகளூர், தியாகனூர் இரண்டையும் ஒரே ஆட்டோவில் பேசி முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பி வர பஸ்ஸுக்கு வேப்பமரத்தடியில் நாலாவது ஆளாக உட்கார வேண்டியிருக்கும். பெண்கள் தனியாகப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன்பே லாட்ஜுக்குப் போன் செய்து, 'நான் ஒருத்திதான் வர்றேன்' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.